ஏழாம் நம்பர் பொய்யும், மன்னிக்கத் தெரிஞ்ச இரும்பும்

முதல்லயே ஒரு வாக்குமூலம். எனக்குத் தொழில் லேபிள் அடிக்கிறது. சிவகாசியில் சின்னதா ஒரு ஆஃப்செட் பிரஸ். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர், நோட்டு அட்டைன்னு இருபத்தஞ்சு வருஷமா மை வாசனையிலதான் பொழப்பு. இத்தனை வருஷத்துல கத்துக்கிட்ட பாடம் ஒண்ணே ஒண்ணுதான். பெட்டி மேல எந்த நம்பரை வேணும்னாலும் அடிச்சுத் தரலாம். உள்ள இருக்கிற சரக்கு அந்த நம்பரைப் படிச்சுப் பார்த்துட்டுத் தன்னை மாத்திக்கப் போறதில்ல.

சின்ன வயசுல நாங்க ஆயிரம் வாலா சரத்தைப் பிரிச்சு, வாசப்படியில உக்காந்து எண்ணிப் பார்த்திருக்கோம். எத்தனை இருந்துச்சுன்னு இங்க சொல்லி ஊர் மானத்தை வாங்க மாட்டேன் :-) இப்போ சரவெடிக்கே 2018ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டாச்சு. அந்தக் கணக்கு அதோட போகட்டும்.

இன்னிக்கு எழுத வந்தது வேற ஒரு லேபிளைப் பத்தி. கோல்ஃப் அயர்ன் அடியில '7'ன்னு ஒரு நம்பர் பொறிச்சிருப்பாங்க பாருங்க, அதைப் பத்தி. அந்த நம்பரை வச்சு நடக்கிற வியாபாரத்தைப் பார்த்தா வயிறு எரியுது. அதான் இந்தப் பதிவு.

"கோல்ஃபா? விருதுநகர் ஜில்லாவுலயா? வெயில்ல மூளை உருகிருச்சா அண்ணாச்சி?"ன்னு நீங்க கேக்கிறது காதுல விழுது. கந்தக பூமியில புல் முளைக்கிறதே பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். எங்களுக்கு கோல்ஃப்னா கொடைக்கானல். 1895ல ஆரம்பிச்ச கிளப், 18 குழி, காட்டுமாடு குறுக்க நடந்து போனா ஆட்டத்தை நிறுத்திட்டுக் காத்திருக்கணும். காலண்டர் சீசன் முடிஞ்சு பிரஸ் ஓயும்போது மலை ஏறுவோம். மத்த நாள்ல, தண்ணி வத்தின கண்மாய்க்குள்ள ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து நாலு பந்து அடிப்போம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் தூரத்துல இருந்து பார்த்துட்டு, "படிச்ச பிள்ளைக மாதிரிதான் தெரியுது"ன்னு வருத்தப்படுவார். நம்ம கோல்ஃப் லட்சணம் அவ்வளவுதான்.

நாங்கன்னு சொன்னது நானும் என் மச்சானும். என் வீட்டுக்காரம்மாவோட அண்ணன். விருதுநகர்ல பருப்பு வியாபாரம். ஊரைப் பத்தி ஒரு பேச்சு உண்டே, ஒண்ணும் விளையாத ஊரு, ஆனா எல்லாத்துக்கும் விலை வைக்கிற ஊருன்னு, அந்த ரகம். மூட்டைக்குள்ள குத்தூசி விட்டு, ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில உருட்டி, பல்லுல கடிச்சுப் பார்க்காம ஒரு குவிண்டால் வாங்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன், கோல்ஃப் கடையில குத்தூசியை வீட்டுல மறந்து வச்சுட்டுப் போயிட்டார். அதுதான் கதை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு. சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். பஸ் ஸ்டாண்டைச் சுத்தி நடக்க அவருக்கு வெக்கம். கொடைக்கானலுக்கு ஒரு தடவை என்கூட வந்தவர், 18 குழியும் நடந்துட்டு, "மாப்ள, நடந்ததே தெரியலையே"ன்னார். அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு. ரெண்டு வருஷம் என்னோட பழைய செட்டை இரவல் வாங்கித் தட்டித் தட்டி ஓரளவு கைக்கு வந்துருச்சு. சர்க்கரையும் இறங்குச்சு. சொந்தமா ஒரு செட் வாங்கலாம்னு பெருநகரத்துல ஒரு கடைக்குப் போனார். எந்த ஊர், எந்தக் கடை, எந்த பிராண்ட்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன். எல்லாக் கடையிலயும் இதே நாடகம்தான்.

நாடகம் இப்படிப் போகும். ஏசி ரூம். பச்சை கலர் மேட். எதிர்ல திரை, பக்கத்துல பந்தோட வேகத்தை அளக்கிற மெஷின். "உங்க பழைய 7 அயர்ன்ல அடிங்க சார்." அடிக்கிறார். 128 கஜம். "இப்போ நம்ம 7ல அடிங்க சார்." அடிக்கிறார். 146 கஜம். விற்பனைத் தம்பி ஒண்ணும் பேசாம சிரிப்பார். பேச வேண்டியதில்லையே, நம்பரே பேசுதே! பதினெட்டு கஜம் அதிகம். "பார்க்க பிளேடு மாதிரி ஒல்லியா இருக்கும் சார், அடிச்சா பீரங்கி. தூரமும் இருக்கு, மன்னிப்பும் இருக்கு." மச்சான் ஒரு லட்சத்துக்கு மேல எண்ணி வச்சுட்டு வந்துட்டார்.

இங்க கொஞ்சம் நிறுத்தி விஷயத்தைப் புரிய வைக்கணும். ஆட்டம் தெரிஞ்சவங்க பொறுத்துக்கங்க.

அயர்ன்னா இரும்புத் தலை வச்ச மட்டை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நம்பர் ஏற ஏற, முகம் அதிகமா மல்லாந்து இருக்கும். அந்தச் சாய்வுக்குப் பேர் லாஃப்ட். சாய்வு கூடினா பந்து உயரமாப் போய்ப் பக்கத்துல விழும். சாய்வு குறைஞ்சா தாழ்வாப் போய்த் தூரத்துல விழும். ரெண்டு மட்டைக்கு நடுவுல சுமாரா நாலு டிகிரி வித்தியாசம் இருந்தா, விழற இடத்துல பத்துப் பன்னிரண்டு கஜம் வித்தியாசம் வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போ கேளுங்க. 1980கள்ல ஒரு 7 அயர்னோட லாஃப்ட் சுமார் 35, 36 டிகிரி. இன்னிக்கு 'தூரம்'னு கூவி விக்கிற 7 அயர்ன் பலதுல 28லேர்ந்து 30 டிகிரி. அதுக்கும் கீழ போனதும் இருக்கு. 28 டிகிரின்னா அந்தக் காலத்து 5 அயர்ன்! மட்டையோட நீளமும் ஒரு அரை இன்ச் கூடியிருக்கும். அதாவது பழைய 5 அயர்னை எடுத்து, அடியில '7'ன்னு பொறிச்சு, "பார்த்தீங்களா, எங்க 7 எவ்வளவு தூரம் போகுது"ன்னு காட்டறாங்க. எங்க பிரஸ்ஸுக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்தா நான் சிரிச்சுட்டே அடிச்சுக் கொடுப்பேன். ஆனா அந்தப் பெட்டியை நானே காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

"இது சட்டப்படி குத்தமா?"ன்னு கேட்டா, இல்ல. கோல்ஃப் விதிப் புத்தகத்துல பந்தோட எடை 45.93 கிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழ போகக்கூடாதுன்னு இருக்கு. பையில 14 மட்டைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு இருக்கு. முகத்துல ஸ்பிரிங் மாதிரி துள்ளல் எவ்வளவு இருக்கலாம்ங்கறதுக்குக் கூட வரம்பு இருக்கு. ஆனா 7ன்னா எத்தனை டிகிரின்னு ஒரு வரி கிடையாது. எங்க மச்சான் கடைத் தராசுக்கு வந்து முத்திரை போட்டுட்டுப் போறாங்க. கல்லுல கொஞ்சம் தேய்ஞ்சிருந்தாலும் அபராதம். ஒரு லட்ச ரூபா இரும்புல இருக்கிற 7க்கு எந்த முத்திரையும் இல்ல.

கம்பெனிக்காரங்க தரப்புல ஒரு பதில் இருக்கு. அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி நியாயமா இருக்காது. "இப்போ தலையோட எடையை ரொம்பக் கீழ இறக்கிட்டோம். அதனால பந்து தானாவே உயரமாக் கிளம்புது. விட்டா வானத்துக்குப் போயிரும். அதைச் சரிக்கட்டத்தான் லாஃப்டைக் குறைச்சோம்." பொய்யில்ல. வேகமா வீசற இளவட்டத்துக்கு இது நல்லாவே வேலை செய்யும். ஆனா ஐம்பத்தெட்டு வயசுல, இடுப்பு பாதிதான் திரும்பற பருப்பு வியாபாரிக்கு? அவர் வேகத்துக்கு 28 டிகிரியில பந்து எழும்பவே எழும்பாது. தாழ்வாப் போகும், தாழ்வா விழும், சுழற்சி கம்மியா இருக்கிறதால விழுந்தப்புறம் ஓடும். கிரீன்ல, அதாவது குழி இருக்கிற அந்த ஒட்ட வெட்டின புல்தரையில, நிக்காது. அயர்னோட வேலையே பந்தைக் குறிப்பிட்ட இடத்துல கொண்டு போய் நிப்பாட்டறதுதான். கூட ஓடறதுக்கு அதை எதுக்கு அடிக்கணும், உருட்டி விடலாமே!

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். புது செட்டோட முதல் நாள். முதல் குழியில நல்லா பட்ட பந்து கிரீனைத் தாண்டிப் பின்னாடி புதருக்குள்ள போச்சு. அடுத்த குழியில அதே 7, கொஞ்சம் முனைப் பக்கம் பட்டுச்சு. முப்பது கஜம் முன்னாடியே செத்து விழுந்துச்சு. அதுக்கடுத்தது வலது பக்கம். மச்சான் முகத்துல ஈயாடல.

ஆறாவது குழிகிட்ட கேடி மெதுவா வந்து, அவர் 7 அயர்னையும் என் பழைய செட்டோட 5 அயர்னையும் ஒட்டி வச்சு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "சார், இது ஏழு இல்ல சார். அஞ்சு." அவ்வளவுதான் சொன்னார். மெஷின் இல்ல, திரை இல்ல. கடைக்காரத் தம்பி ஒரு மணி நேரம் சொல்லாத உண்மையை அந்த மனுஷன் ஒரு வரியில சொல்லிட்டார். கேடிகளை மூட்டை தூக்கறவங்கன்னு நினைக்கிற கனவான்கள் கவனத்துக்கு: 2009ல இந்தியன் ஓபன் ஜெயிச்ச முனியப்பா பெங்களூர்ல கேடியா இருந்து மேல வந்தவர்தான்.

இப்போ 'மன்னிப்பு' விஷயம். 'ரமணா' படத்துல (2002) விஜயகாந்துக்குப் பிடிக்காத அதே வார்த்தை. கோல்ஃப்ல நமக்கு ரொம்பப் பிடிக்க வேண்டிய வார்த்தை. நடு முகத்துல படாம தப்பாப் பட்ட அடியையும் ஓரளவு ஒழுங்காக் கொண்டு சேர்க்கிற குணத்தைத்தான் அப்படிச் சொல்றாங்க.

எங்க ஊர் ராக்கெட்டை எடுத்துக்கங்க. குழாய்க்குள்ள மருந்து, வால்ல குச்சி. மருந்து தூரத்தைக் கொடுக்கும். திசையைக் கொடுக்கிறது அந்தக் குச்சி. மருந்தை ரெட்டிப்பாக்கிட்டு குச்சியை உடைச்சுட்டா என்ன ஆகும்னு எங்க ஊர் மூணாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில காயற வேட்டிக்குத்தான் ஆபத்து. அயர்ன்லயும் அதேதான். தூரம்ங்கறது மருந்து. மன்னிப்புங்கறது குச்சி. கடையில மருந்தை மட்டும் நிறுத்துக் காட்டறாங்க.

இந்தக் குச்சியைக் கண்டுபிடிச்ச கதை சுவாரஸ்யமானது. கார்ஸ்டன் சோல்ஹைம்னு ஒருத்தர். 1911ல நார்வேயில பிறந்து, சின்ன வயசுலயே அமெரிக்காவுக்குப் போனவர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில என்ஜினியர். ரொம்ப லேட்டாத்தான் கோல்ஃப் ஆட ஆரம்பிச்சார், நம்மளை மாதிரி. ஆட்டம் வரல, நம்மளை மாதிரியே. நாம மட்டையை மாத்தினோம், அவர் மட்டை எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சார். 1959ல தன் வீட்டு காரேஜ்ல ஒரு பட்டர் செஞ்சார். அடிச்சா வர்ற சத்தத்தை வச்சு 'பிங்'னு பேர். எடையை நடுவுல குவிக்காம ரெண்டு ஓரத்துக்கும் தள்ளினதுதான் அவர் செஞ்ச வேலை. பின்னாடி அயர்னுக்கும் அதையே கொண்டு வந்தார். முதுகுப் பக்கம் குழிச்சு, அந்த இரும்பை ஓரத்துல சேர்க்கிறது. அதைத்தான் கேவிட்டி பேக்னு சொல்றோம்.

ஏன் இது வேலை செய்யுது? திருவிழாவுல கயித்து மேல நடக்கிற கழைக்கூத்தாடி கையில நீளமான கம்பு இருக்கும்ல, அதே காரணம்தான். எடை ரெண்டு பக்கமும் தள்ளி இருந்தா சட்டுனு திருகாது. பந்து முனைப் பக்கம் பட்டாலும் தலை கம்மியாத் திரும்பும். திசையும் தப்பாது, தூரமும் ரொம்பக் குறையாது. அடிப்பாகம் கொஞ்சம் அகலமா இருந்தா, பந்துக்கு முன்னாடியே மண்ணுல பட்டாலும் உள்ள புதையாம வழுக்கிட்டுப் போகும். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம். சோல்ஹைமுக்கு ஒரு கும்பிடு.

ஆனா மச்சான் வாங்கினது என்ன? பிளேடு மாதிரி சின்னத் தலை, உள்ள கூடு, முகத்துல மெல்லிசான தகடு, சாய்வு குறைவு. சின்னத் தலையில ஓரம்னு எவ்வளவு இடம் இருக்கும்? மெல்லிசுத் தகடு நடுவுல பட்டா துள்ளிக் குதிக்கும், கொஞ்சம் தள்ளிப் பட்டா சோர்ந்துரும். மருந்து ஜாஸ்தி, குச்சி குட்டை.

இன்னொரு திருட்டுத்தனம் பையில இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. 7 அயர்ன் 28 டிகிரி ஆனா, 8, 9 எல்லாம் சேர்ந்து கீழ இறங்கும். பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு வந்துரும். முன்னாடி அது 48 வாக்குல இருந்துச்சு. மணல்லேர்ந்து எடுக்கிற சாண்ட் வெட்ஜ் மட்டும் 56லயே நிக்குது. 43க்கும் 56க்கும் நடுவுல பதிமூணு டிகிரி ஓட்டை! கஜத்துல கணக்குப் போட்டா முப்பத்தஞ்சு கஜத்துக்குப் பக்கம். அந்த முப்பத்தஞ்சு கஜம் எங்க இருக்கு தெரியுமா? கிரீனுக்கு நூறு கஜத்துக்குள்ள. நம்மளை மாதிரி அரைகுறைங்க ஒவ்வொரு குழியிலயும் வந்து நிக்கிற இடமே அதுதான். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஒண்ணோ ரெண்டோ வெட்ஜ் வாங்கணும். யார்கிட்ட? அதே கடையில! சொந்தமா ஓட்டை போட்டு, அதுக்குத் தனியா ஒட்டுத்துணி விக்கிற வியாபாரம்.

இவங்களைத் திட்டிட்டேன். அடுத்த கோஷ்டிக்கும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு. கிளப் வராந்தாவுல காபி குடிச்சுக்கிட்டே, "உண்மையான ஆட்டக்காரன் மஸில் பேக் பிளேடுதான் வச்சிருப்பான். கேவிட்டி பேக் எல்லாம் ஊனுகோல்"னு உபதேசம் பண்ற பெருசுங்க. ஐயா, தினமும் நூத்துக்கணக்குல பந்து அடிக்கிற தொழில்முறை ஆட்டக்காரங்கள்லயே நிறைய பேர் கேவிட்டி பேக் வச்சிருக்காங்க. பிளேடு வச்சிருக்கிறவங்களும் நீளமான அயர்னுக்கு வரும்போது மன்னிக்கிற தலைக்கு மாறிடறாங்க. மாசத்துக்கு ஒரு தடவை மலை ஏறுற எங்களுக்கு எதுக்கு அந்த வறட்டு கௌரவம்? கண்ணு மங்கினா கண்ணாடி போடறோம். அதை ஊனுகோல்னு சொல்லி யாரும் கழட்டறதில்லையே.

"அப்போ தூரமே வேண்டாங்கறியா?"ன்னு கேப்பீங்க. அப்படிச் சொல்லல. 2021 ஆகஸ்ட் 7 காலையில நிறைய பேர் முதல் தடவையா கோல்ஃப் பார்த்திருப்பீங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெங்களூர்ப் பொண்ணு அதிதி அசோக். உலகத் தரவரிசையில 200வது இடத்துல இருந்து போனவர். களத்துல இருந்தவங்கள்ல ரொம்பக் குறைஞ்ச தூரம் அடிச்சவங்கள்ல ஒருத்தர். கடைசிக் குழி வரைக்கும் பதக்கப் போட்டியில நின்னு, ஒரே ஒரு அடி வித்தியாசத்துல நாலாவது இடம். அன்னிக்குச் சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டியில தங்கம் வாங்கினதுல நாம இதை மறந்துட்டோம். அவருக்கு இன்னும் இருபது கஜம் கிடைச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், மறுக்கல. ஆனா கையில இருந்த தூரத்தை வச்சு, பந்தை நினைச்ச இடத்துல நிப்பாட்டினதாலதான் அவ்வளவு தூரம் வந்தார். தூரம் நிஜமாவே வேணும்னா அதுக்கு நேர்மையான வழிகள் இருக்கு. 4, 5 அயர்னைத் தூக்கிட்டு ஹைபிரிட் வைக்கலாம். ஸ்டீலுக்குப் பதிலா எடை கம்மியான கிராஃபைட் தண்டு போடலாம். முன்னாடி இருக்கிற டீயிலேர்ந்து ஆடலாம், ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டோம். நம்பரை மாத்தி அடிக்கிறது தூரம் இல்ல. அது அச்சு வேலை. அந்த வேலை எனக்கு நல்லாத் தெரியும்.

திட்டிட்டு மட்டும் போகக்கூடாது. அயர்ன் வாங்கப் போறவங்களுக்கு விருதுநகர் குத்தூசி முறை:

1. கடைக்குள்ள நுழைஞ்சதும் நம்பரைப் பேசாதீங்க. "இதோட லாஃப்ட் எத்தனை?"ன்னு கேளுங்க. பழைய 7ஐப் புது 7ஓட ஒப்பிடாதீங்க. பழைய 30 டிகிரியைப் புது 30 டிகிரியோட ஒப்பிடுங்க. பாதி மாயாஜாலம் அங்கயே கரைஞ்சுரும்.

2. பத்துப் பந்து அடிங்க. அதுல நல்லா போன மூணைத் தூக்கி எறிஞ்சுடுங்க. மோசமாப் போன மூணைப் பாருங்க. மூட்டை மேல பரப்பி வச்ச பருப்பைப் பார்த்தா வாங்குவீங்க? அடியில இருக்கிறதைத் தானே பார்ப்பீங்க? அதே.

3. மேட்ல அடிச்சதை நம்பாதீங்க. பந்துக்கு ரெண்டு இன்ச் முன்னாடி பட்டாலும் மேட் வழுக்கி விட்டுரும். அங்க மன்னிக்கிறது மேட், மட்டை இல்ல. முடிஞ்சா புல்லுல அடிச்சுப் பாருங்க. அதே சமயம் எங்க கண்மாய் மாதிரி கட்டாந்தரையில ரொம்ப அகலமான அடிப்பாகம் துள்ளிப் போய்ப் பந்தோட வயித்துல அடிக்கும். எங்க ஆடப் போறீங்களோ அந்தத் தரைக்குத் தக்கன பாருங்க.

4. கொடைக்கானல்ல அடிச்ச தூரத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. 2,100 மீட்டர் உயரத்துல காத்து மெலிசு. பந்து பத்து சதவீதம் போலக் கூடப் போகும். குளிர் அதுல கொஞ்சத்தைப் பிடிச்சுக்கும். சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ இறங்கி அடிச்சா நிஜம் தெரியும்.

5. செட்டோட பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரின்னு பாருங்க. அதுக்கும் உங்க சாண்ட் வெட்ஜுக்கும் நடுவுல எத்தனை ஓட்டைன்னு காகிதத்துல எழுதுங்க. அடைக்கிற செலவையும் விலையில சேர்த்துக் கணக்குப் போடுங்க.

6. பதினஞ்சு வருஷப் பழைய கேவிட்டி பேக் செட் ஒண்ணும் கெட்டுப் போகாது. இரும்பு, பால் இல்ல. கிரிப்பை மட்டும் மாத்துங்க. நம்ம ஊர் வேர்வைக்குப் பழைய கிரிப் கையை விட்டுப் பறந்துரும்.

மச்சான் கதையை முடிக்கணும். அந்தக் கொடைக்கானல் பயணத்துக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை வந்தார். மூணாவது தடவை கூப்பிட்டப்ப, "எனக்கு இது வராது மாப்ள. நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கை சரியில்ல"ன்னுட்டார். ஒரு லட்ச ரூபா செட் குடோன்ல, துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்துல, சாக்கு போர்த்திக் கிடந்துச்சு. நடை நின்னு போச்சு. ஒரு வருஷம் கழிச்சு அக்கா போன் பண்ணி சர்க்கரை எங்க நிக்குதுன்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. கை சரியில்லாம இல்ல. அவர் கையைத் தப்புன்னு நம்ப வச்சுட்டாங்க. என் கோபம் முழுக்க அதுலதான். காசு போனா வரும். ஒரு வயசான மனுஷன் ஆசையாக் கத்துக்கிட்டதை, 'உனக்கு வராது'ன்னு அவர் வாயாலயே சொல்ல வச்ச அந்த நம்பரைத்தான் என்னால மன்னிக்க முடியல.

சென்னையில ஒருத்தர் வித்த பழைய கேவிட்டி பேக் செட்டைப் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். 7 அயர்ன் 34 டிகிரி. புது கிரிப் போட்டு, "என் பிரஸ்ல இடம் இல்ல மச்சான், உங்க குடோன்ல கொஞ்ச நாள் இருக்கட்டும்"னு கொண்டு போய் வச்சேன். வியாபாரி ஆச்சே, கைக்கு வந்த சரக்கைச் சோதிக்காம இருப்பாரா? அடுத்த வாரமே கண்மாய்க்குக் கூப்பிட்டார். ரெண்டு செட்டும் எடுத்துட்டுப் போய்ப் பத்துப் பத்துப் பந்து அடிச்சு, காலால அளந்து, துண்டுச் சீட்டுல குறிச்சோம். புது செட்: அதிகபட்சம் 152 கஜம், குறைஞ்சது 104. பழைய செட்: அதிகபட்சம் 127, குறைஞ்சது 113. மச்சான் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பதினாலு கஜ வித்தியாசம்னா சரக்கு ஒரே தரம் மாப்ள. நாப்பத்தெட்டுன்னா கலப்படம்"னார்.

போன மாசம் கொடைக்கானல் போயிருந்தோம். 18 குழியும் நடந்தார். ஜெயிச்சாரான்னு கேக்காதீங்க, ரெண்டு பேருமே கேவலமாத்தான் ஆடினோம். ஆனா புதருக்குள்ள பந்து தேடற நேரம் பாதியாக் குறைஞ்சுது. அந்த ஒரு லட்ச ரூபா செட் இன்னும் குடோன்லதான் இருக்கு. வேகமா வீசற வாலிபப் பசங்க யாராவது வேணும்னா சொல்லுங்க. லாஃப்ட் எத்தனைன்னு சொல்லித்தான் விப்போம்.

பி.கு: "லேபிள் அடிக்கிறவனே லேபிளைத் திட்டலாமா?"ன்னு பிரஸ்ல ஃபோர்மேன் கேட்டார். லேபிள் அடிக்கிறவனுக்குத்தான்யா அந்த உரிமையே இருக்கு :-)